குரூப் டூரில் பாரிஸ்: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பதினைஞ்சு நாள் ஐரோப்பா டூர் போட்டிருக்கோம். அதுல பாரிஸ் ரெண்டு நாள். போதுமா?" என்பார்கள். கோச் எனப்படும் சுற்றுலாப் பேருந்தில், குழுவோடு, மூன்று முறை பாரிஸ் போய் வந்திருக்கிறேன். அதில் ஒரு முறை என் அம்மாவும் உடன் வந்தார். என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

இரண்டு நாளில் பாரிஸைப் பார்த்துவிட முடியுமா?

முதலில் அது உண்மையிலேயே இரண்டு நாளா என்று பாருங்கள். "2 இரவு" என்று போட்டிருந்தால், பெரும்பாலும் ஒரு முழுப் பகலும் இன்னொரு நாளின் மிச்சமும்தான் கையில் இருக்கும். ஹோட்டலும் நகருக்குள் இருக்காது. விமான நிலையத்தின் பக்கமோ டிஸ்னிலேண்ட் பக்கமோ போட்டிருப்பார்கள். பாரிஸைச் சுற்றி 35 கிலோமீட்டருக்கு ஒரு வட்டச் சாலை ஓடுகிறது. காலையும் மாலையும் அதில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். 2024 அக்டோபரிலிருந்து அங்கே வேக வரம்பே 50 கிலோமீட்டர்தான். போகவர இரண்டு மணி நேரம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் பாரிஸ் சிறிய ஊர். பரப்பு 105 சதுர கிலோமீட்டர். ஊரை 20 வட்டாரங்களாகப் பிரித்து, நத்தை ஓடு மாதிரி நடுவிலிருந்து சுழித்துச் சுழித்து எண் போட்டிருக்கிறார்கள். முக்கியமான இடங்கள் பாதிக்கு மேல் சேன் நதிக் கரையிலேயே வரிசையாக இருக்கின்றன. அதனால் ஒரு முழு நாள் கிடைத்தாலே ஊரின் முகம் மனதில் பதிந்துவிடும். எல்லாவற்றையும் பார்த்தேன் என்று யாராலும் சொல்ல முடியாது, அங்கேயே குடியிருப்பவர்களாலும்கூட.

பயணத் திட்டத்தில் எதைக் கவனித்துப் படிக்க வேண்டும்?

வினைச்சொற்களை. இடத்தின் பெயரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பெயருக்கு முன்னும் பின்னும் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். "டிரைவ் பாஸ்ட்" என்றால் கண்ணாடி வழியாகப் பார்ப்பது. "ஃபோட்டோ ஸ்டாப்" என்றால் இறங்கிப் பதினைந்து, இருபது நிமிடம். "விசிட்" என்று மட்டும் இருந்தால், உள்ளே போகும் டிக்கெட் சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பனோரமிக் டூர்" என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருப்பார்கள். கொன்கோர்டு சதுக்கம், ஷான்ஸெலிஸே, வெற்றி வளைவு, அலெக்ஸாண்டர் பாலம், ஆப்பெரா என்று பத்துப் பெயர் வரும். பெரும்பாலும் அத்தனையும் வண்டிக்குள் உட்கார்ந்தே பார்ப்பவை.

அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஊரின் அமைப்பு புரிவதற்கு அந்த இரண்டு மணி நேரம் போல் உதவுவது வேறில்லை. கொன்கோர்டில் நிற்கும் 23 மீட்டர் உயரக் கல்தூண் எகிப்தின் லக்ஸர் கோயிலிலிருந்து வந்தது. வயது மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல். அங்கிருந்து ஷான்ஸெலிஸே சாலை நேர்கோடாக வெற்றி வளைவுக்கு ஏறிப்போகிறது. நெப்போலியன் 1806-இல் கட்டச் சொன்ன வளைவு அது. முடிந்தது 1836-இல், அவர் இறந்து பதினைந்து ஆண்டு கழித்து. இதையெல்லாம் லோக்கல் கைடு சொல்லும்போது போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்காமல் காது கொடுத்துக் கேளுங்கள்.

தேதியையும் பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஷான்ஸெலிஸேயில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஜூலை 14 தேசிய நாள். அன்று அங்கே ராணுவ அணிவகுப்பு. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள். உங்கள் பாரிஸ் நாள் இவற்றில் ஒன்றாக இருந்தால் பணம் கட்டும் முன்பே மாற்று ஏற்பாடு என்ன என்று கேட்டுவிடுங்கள்.

ஐந்து நிமிடம் தாமதமானால் என்ன? வண்டி நிற்காதா?

நிற்காது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குழுக்களில் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பாரிஸில் கோச் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. ஆட்களை இறக்கவும் ஏற்றவும் தனி இடங்கள் உண்டு. இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும், சொன்ன நேரத்துக்குத் திரும்ப வர வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் இல்லையென்றால் வண்டி கிளம்பி இன்னொரு சுற்று சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றுக்கு அரை மணி நேரம்கூட ஆகும்.

இதைவிடப் பெரியது ஓட்டுநரின் வேலை நேரம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. இரவில் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு. வாரத்தில் சில நாள் மட்டும் அதை 9 ஆகக் குறைக்கலாம். இதையெல்லாம் வண்டியில் இருக்கும் ஒரு கருவி நிமிடக் கணக்கில் பதிவு செய்துகொண்டே இருக்கும். மீறினால் அபராதம். "தம்பி, ஒரு அரை மணி நேரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்று அவரிடம் கெஞ்சுவதில் பொருளில்லை. நம் உயிரைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுநர் காலை ஏழரைக்கு வேலையைத் தொடங்கினால், 11 மணி நேர ஓய்வைக் கழித்தால் இரவு எட்டரைக்கு அவர் முடித்தாக வேண்டும். ஜூன் மாதம் பாரிஸில் சூரியன் மறைவதே கிட்டத்தட்டப் பத்து மணிக்கு. அப்படியானால் "இரவு விளக்கொளியில் பாரிஸ்" எப்படி நடக்கும்? காலையில் தாமதமாகக் கிளம்ப வேண்டும், அல்லது இரவுக்கு வேறு வண்டியோ வேறு ஓட்டுநரோ வர வேண்டும். இதை முன்கூட்டியே கேளுங்கள்.

என் இரண்டாவது பயணத்தில் ஒரு குடும்பம் கடையில் ஐம்பது நிமிடம் தங்கிவிட்டது. அன்று இரவு விளக்கு பார்க்கப் போவது ரத்தானது. எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலையிலிருந்தே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹோட்டலுக்குப் போகும் வழியெல்லாம் கண்ணாடியில் தலையைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஈபிள் கோபுரத்தில் இரண்டாம் தளம் போதுமா, உச்சிக்குப் போக வேண்டுமா?

இரண்டாம் தளமே போதும் என்பது என் உறுதியான கருத்து. அது 116 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு கட்டடமும் அடையாளம் தெரியும், நதியின் வளைவு தெரியும், படகுகள் தெரியும். உச்சி 276 மீட்டரில். அங்கே ஊர் ஒரு வரைபடமாகிவிடுகிறது. காற்று அதிகமானால் உச்சியை மூடியும் விடுவார்கள். உச்சிக்கான வரிசையில் நிற்கும் நேரத்தைக் கோபுரத்தின் கால்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்கச் செலவிடலாம். 1889-இல் உலகக் கண்காட்சிக்காகக் கட்டி, இருபது ஆண்டில் பிரித்துவிடலாம் என்றிருந்த இரும்பு அது. வானொலி அலைபரப்பிக்குப் பயன்பட்டதால் பிழைத்துக்கொண்டது. இப்போது ஆன்டெனாவோடு சேர்த்து உயரம் 330 மீட்டர்.

பாதுகாப்புச் சோதனை இரண்டு முறை உண்டு. கண்ணாடிப் பாட்டில், கத்திரிக்கோல், பழம் நறுக்கும் கத்தி எதுவும் பையில் வேண்டாம். படி ஏறுவதென்றால் இரண்டாம் தளம் வரை 674 படி. உச்சிக்குப் படி வழியில்லை.

இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க 20,000 விளக்குகள் மின்னும். மே, ஜூனில் அதைப் பார்க்க இரவு பத்து மணியோ பதினொன்றோ ஆகிவிடும். சிறு குழந்தைகள் இருந்தால் மதியம் வண்டியில் தூங்கவையுங்கள்.

லூவ்ர் அருங்காட்சியகம் திட்டத்தில் இல்லை. தனியாகச் சேர்க்கலாமா?

ஓவியம், சிற்பம் பிடிக்கும் என்றால் சேருங்கள். மோனாலிசாவுக்கு மட்டும் என்றால் யோசியுங்கள். 77-க்கு 53 சென்டிமீட்டர் அளவுள்ள படம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். முன்னால் நூறு கைபேசிகள் உயர்ந்திருக்கும். அருகில் நிற்க அரை நிமிடம்தான் கிடைக்கும். எனக்கு அங்கே நெஞ்சில் நின்றது வேறு. தாரு படிக்கட்டின் மேல் தலையும் கையும் இல்லாமல், சிறகு விரித்து, காற்றை எதிர்த்து நிற்கும் சமோத்ராசின் வெற்றித் தேவதை என்ற பழங்காலக் கிரேக்கச் சிலை. அவ்வளவு நெரிசலிலும் அந்தப் படிக்கட்டில் ஏறும்போது பேச்சு தானாக அடங்கிவிடுகிறது.

நேரமே இல்லையென்றால் கண்ணாடிப் பிரமிடு இருக்கும் முற்றத்துக்காவது போய் வாருங்கள். அங்கே நிற்கக் கட்டணம் இல்லை.

நோத்ர தாம் தேவாலயம் திறந்துவிட்டதா?

திறந்துவிட்டது. 2019 ஏப்ரல் 15 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடியும் திறந்தார்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. வெளியே வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும். புகையும் அழுக்கும் நீக்கிச் சுத்தப்படுத்திய சுவர்கள் இப்போது பால் வெள்ளையாக இருக்கின்றன. தீக்கு முன் பார்த்தவர்களுக்கு அது வேறு கோயில் மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

தாராளமாக. என் அம்மாவுக்கு அப்போது 71 வயது. கோச் டூர் என்றால் நடையே இருக்காது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு நடக்க வேண்டும், பல இடங்களில் கருங்கல் பாவிய தரை. ஒரு நாளில் ஆறேழு கிலோமீட்டர் சுலபமாக ஆகிவிடும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தினமும் நடக்கப் பழக்குங்கள். அந்தப் பழகிய செருப்பையோ ஷூவையோதான் அங்கேயும் போட வேண்டும். புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

மோன்மார்த்தர் குன்றுக்கு அவர்களை நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். அதன் மேலிருக்கும் சாக்ரே கேர் தேவாலயத்துக்கு 222 படி. பக்கத்திலேயே இழுவை ரயில் இருக்கிறது, மெட்ரோ டிக்கெட்டே அதற்கும் செல்லும். பெரியவர்களுக்கு ஏற்றது சேன் நதிப் படகுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே ஈபிள், லூவ்ர், நோத்ர தாம் மூன்றையும் பார்த்துவிடலாம். மேல் தளத்தில் காற்று குளிரும். ஜூனிலும் ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. "எனக்காக யாரும் நிற்க வேண்டாம், நான் வண்டியிலேயே இருக்கேன்" என்பார்கள். இருக்க விடாதீர்கள். வண்டி வேறெங்கோ நிறுத்தப் போய்விடும், ஏசியும் ஓடாது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? வீட்டிலிருந்து என்ன எடுத்துப் போகலாம்?

இந்திய டூர் நிறுவனங்கள் மதியமும் இரவும் வட இந்திய உணவகங்களில் ஏற்பாடு செய்துவிடுவார்கள். பருப்பு, பனீர், சோறு, நான். மூன்றாம் நாளில் நாக்கு ரசம் கேட்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுபோகலாம். பால், நெய், பால்கோவா, தயிர் வேண்டாம். இறைச்சி, பால் பொருட்களை வெளிநாட்டிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பிடித்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முட்டையும் சேர்க்காதவர்கள் கவனிக்க வேண்டியது: க்ருவாசோன் ரொட்டியின் மினுமினுப்பு பெரும்பாலும் முட்டைப் பூச்சு. பாகெத் ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும்.

ஓய்வு நேரம் இரண்டு மணி கிடைத்தால் லா ஷப்பேல் போங்கள். மெட்ரோ இரண்டாம் எண் பாதையில் அதே பெயரில் நிலையம். சாக்ரே கேருக்கு இறங்கும் ஆன்வேரிலிருந்து இரண்டாவது நிறுத்தம். படியேறி வெளியே வந்தால் பெயர்ப்பலகைகள் தமிழில் இருக்கும். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. நகைக்கடை, புடவைக்கடை, வாழைப்பூ, முருங்கைக்காய், கொத்து ரொட்டி போடும் தாளம். அம்மாவோடு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். "வாங்கோ அம்மா, இருங்கோ. சோறோ, இடியப்பமோ?" என்று கேட்டார் கடைக்காரப் பெண். ஒன்பது நாளாக எதைக் கொடுத்தாலும் பாதி வைத்துவிட்ட அம்மா, இடியப்பத்தைச் சொதியில் நனைத்து, விரலால் வழித்துச் சாப்பிட்டார். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு "எந்த ஊரும்மா நீ?" என்றார். "சாவகச்சேரி. வந்து முப்பது வருசம்" என்றார் அவர். அதற்கு மேல் இருவரும் எதுவும் பேசவில்லை. கையை மட்டும் விடவில்லை.

பக்கத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1985-இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியை ஒட்டி நடக்கும் தேர்த் திருவிழாவின்போது தெருவில் தேங்காய் மலை குவிந்து கிடக்கும். உங்கள் தேதி அதில் அமைந்தால் விடாதீர்கள்.

குடிதண்ணீருக்கும் கழிப்பறைக்கும் என்ன வழி?

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். கரும்பச்சை நிறத்தில், நான்கு பெண் சிலைகள் ஒரு குவிமாடத்தைத் தாங்கும் இரும்பு நீரூற்றுகளைத் தெருமுனைகளில் காண்பீர்கள். 1870-71 பிரஷ்யப் படையின் முற்றுகையில் பாரிஸ் மக்கள் தண்ணீருக்குத் தவித்தபின், ரிச்சர்டு வாலஸ் என்ற ஆங்கிலேயர் தன் பணத்தில் 1872 முதல் வைத்த தண்ணீர்ப் பந்தல்கள் அவை. இன்றும் மெல்லிய கம்பி போல் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் நிறுத்திவைப்பார்கள். பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

தெருவோரக் கழிப்பறைகள் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூட வேண்டும். உள்ளே தானாகக் கழுவிக்கொள்ளும். அதற்குப் பிறகே அடுத்தவர் போக வேண்டும். அவசரப்பட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நுழைந்தால் நனைந்துவிடுவீர்கள். நெடுஞ்சாலை நிறுத்தங்களில் சில இடங்களில் காசு கேட்பார்கள், அதற்கு யூரோ சில்லறை வைத்திருங்கள்.

பிக்பாக்கெட் பயம் உண்மையா?

உண்மை. ஈபிள் சுற்றுப்புறம், லூவ்ர், சாக்ரே கேர் படிகள், மெட்ரோ எல்லா இடத்திலும். மூன்று தந்திரங்களை மட்டும் நினைவில் வையுங்கள். ஒருவர் தரையிலிருந்து தங்க மோதிரத்தை எடுத்து "உங்களுடையதா?" என்பார். ஒரு பெண் அட்டையை நீட்டிக் கையெழுத்து கேட்பார். சாக்ரே கேர் அடிவாரத்தில் ஒருவர் உங்கள் மணிக்கட்டில் நூல் கட்ட வருவார். மூன்றுக்கும் ஒரே பதில்: நிற்காமல் நடப்பது. பாஸ்போர்ட்டை இடுப்புப் பையில், சட்டைக்குள். தாலிச் சங்கிலியை வெளியே தெரியும்படி போட வேண்டாம்.

பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்களாமே?

நாம்தான் ஒரு சொல்லை விட்டுவிடுகிறோம். கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் நேராக "ஹவ் மச்?" என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. வீட்டுக்குள் வந்தவர் "நல்லாருக்கீங்களா" என்றுகூடக் கேட்காமல் காரியத்தைப் பேசினால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான். போன்ஜூர் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும். கிளம்பும்போது "மெர்சி".

குழுவை விட்டுப் பிரிந்துவிட்டால்?

கடைசியாகச் சேர்ந்திருந்த இடத்திலேயே நில்லுங்கள். டூர் மேனேஜர் எண், ஹோட்டல் முகவரி இரண்டையும் தாளில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். போனில் மட்டும் இருந்தால், போன் போய்விட்டால் எல்லாம் போய்விடும். அவசர எண் 112.

விருப்பச் சுற்றுலாக்களில் (ஆப்ஷனல் டூர்) எதற்குப் பணம் கட்டலாம்?

வெர்சாய் அரண்மனைக்குக் கட்டலாம். 73 மீட்டர் நீளக் கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள். முதல் உலகப் போரை முடித்த ஒப்பந்தம் 1919-இல் கையெழுத்தானது அங்கேதான். அரை நாள் போய்விடும் என்பதை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள். காபரே எனப்படும் இரவு நடன நிகழ்ச்சிகள் குழந்தைகளோடு பார்ப்பவை அல்ல.

மூன்று மணி நேரம் ஓய்வு கொடுத்தால், நீங்கள் எங்கே போவீர்கள்?

பலரும் கடைக்குப் போவார்கள். நான் கிமே அருங்காட்சியகத்துக்குப் போவேன். ஈபிளைப் படமெடுக்க இறக்கிவிடும் த்ரோக்கதேரோவிலிருந்து பத்து நிமிட நடை. இதற்கும் செவ்வாய் விடுமுறை. ஆசியக் கலைக்கான இடம். லூவ்ர் போல் நெரிசல் இல்லை. உள்ளே சோழர் காலத்து நடராசர் நிற்கிறார். கோயிலில் நாம் பார்ப்பது பட்டும் மாலையும் தாண்டித் தெரியும் முகத்தை மட்டும்தான். இங்கே அலங்காரம் இல்லை. தூக்கிய பாதத்தின் உள்ளங்கால் வரை வெண்கலம் முழுதாகத் தெரிகிறது. அம்மா செருப்பைக் கழற்றப் போனார். நான் தடுக்கவில்லை. காவலர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முடித்துவிட்டு ஈபிள் பக்கம் நடந்து, பிர்-ஹகீம் நிலையத்தில் ஆறாம் எண் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தத்தின் பெயர் துப்ளெக்ஸ். 1742 முதல் 1754 வரை புதுச்சேரியில் ஆளுநராக இருந்த அதே துப்ளெக்ஸ். அந்த வட்டாரத்தில் புதுச்சேரி பெயரிலேயே ஒரு சிறு தெருவும் இருக்கிறது. தூண்கள்மேல் ஓடும் பாதை என்பதால் ஜன்னல் ஓரம் நின்றுகொள்ளுங்கள், கோபுரம் தெரியும். டிக்கெட் 2025 தொடக்கத்தில் 2.50 யூரோவாக இருந்தது. திரும்பி வர நாற்பது நிமிடம் ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள். வண்டி சொன்ன நேரத்துக்கு வந்துவிடும்.